எடை குறையவில்லை என்று நடையை நிறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உடல் பருமனும் ரத்த அழுத்தமும் சேர்ந்த பெண்கள் பலர் நடைப்பயிற்சியைத் தொடங்கிய வேகத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "எடை குறையவே இல்லீங்க" என்பதுதான் பதில். 80 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 150 கலோரி சொச்சம். திரும்பும் வழியில் சர்க்கரை போட்ட டீயும் ஒரு வடையும் அதை ஈடுகட்டிவிடும். எடை இறங்க வேண்டுமானால் சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டும்.

இதயத்தின் கணக்கு வேறு. நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடுவதால் குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. குழாய் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. ஒருமுறை நடந்தாலே இது பல மணி நேரம் நிற்கும். சில மாதம் விடாமல் நடக்கும் ரத்த அழுத்தக்காரர்களுக்கு பி.பி.யின் மேல் அளவு (120/80 என்பதில் 120) சராசரியாக 5 முதல் 8 புள்ளி வரை குறைகிறது, எடை அப்படியே இருந்தாலும்கூட. எனவே பார்க்க வேண்டியது பி.பி. அளவை. அதையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, டீ குடித்து அரை மணி கழித்தே பார்க்க வேண்டும். மேற்கைச் சுற்றளவு 32 செ.மீ.க்கு மேல் இருந்தால் பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டையில் பெரியதைக் கேட்டு வாங்குங்கள். சிறிய பட்டை இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும்.

பனியன் கம்பெனியில் நாளெல்லாம் நின்று செக்கிங் பார்ப்பதே உடற்பயிற்சி என்பது தவறு. அதில் கால் வலிக்கும், மூச்சு வாங்காது. அதற்காக முதல் நாளே தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கி.மீ. பாதையை முடித்தாக வேண்டும் என்பதும் இல்லை, முழங்கால்தான் வீங்கும். முதல் வாரம் தினம் 10 நிமிடம் போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாவது வாரம் அரை மணியை எட்டலாம். வாரம் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் ஆகிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடம் மெதுநடை வேண்டும். சட்டென்று நின்றால், பி.பி. மாத்திரை சாப்பிடுவோருக்குத் தலை சுற்றும்.

வேகத்தை எப்படி அறிவது? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பி.பி. மாத்திரைகள் சாப்பிடுவோருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது என்பதால், கைக்கடிகாரம் காட்டும் இலக்கைத் துரத்த வேண்டாம். ஆடிக் காற்றுக் காலத்தில் கோவை, உடுமலைப் பக்கம் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். களைத்த பிறகு எதிர்காற்றில் மாட்டிக்கொண்டால் அழுத்தம் வீணாக ஏறும். சித்திரை வெயிலில் ஈரோட்டுக்காரர்கள் ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

பி.பி. 180/110ஐத் தொட்டிருந்தால் நடை வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். நடக்கையில் நெஞ்சு இறுக்கம், தாடையிலோ மேல்முதுகிலோ வலி, குளிர்ந்த வியர்வை, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும்.

கடைசியாக நிர்வாகங்களுக்கு ஒன்று. வழியில் கழிப்பறை இல்லை என்பதால் நீர் மாத்திரையை (சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் பி.பி. மாத்திரை) சாப்பிடாமல் நடக்க வருகிற பெண்கள் இருக்கிறார்கள். நடை முடிந்தபின் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், மாத்திரையை விடக் கூடாது. ஆனால் நடைபாதைக் கழிப்பறைகளைக் காலை 5 மணிக்கே திறந்து, விளக்கும் எரியவிடுவது மாநகராட்சி, நகராட்சிகளின் வேலை.

– இயன்முறை சிகிச்சையாளர்கள் சிலர்,
அவிநாசி.