அவதூறுக்குக் காவல் நிலையம் போனால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வாட்ஸ்அப்பில் அவதூறு: போலீசில் புகார்' என்ற மாதிரியான செய்திகள் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற செய்திதான் வருவதில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு, மனு வந்ததற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு, இனிமேல் இப்படிப் போட மாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். மனு அத்துடன் முடிந்துவிடும். மனு கொடுத்தவர் மட்டும் வழக்கு நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இதில் போலீஸைக் குறை சொல்லிப் பயனில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளுக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 356-வது பிரிவு நடைமுறையில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சாதாரண சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை. சமூக சேவை மட்டும் புதிது. மற்றபடி பழைய கதைதான்: போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும், இரு தரப்பும் சமரசம் ஆகலாம். பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவர் முன் தனிநபர் புகார் தாக்கல் செய்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும் என்கிறது நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 222-வது பிரிவு. குற்ற அவதூறுச் சட்டம் செல்லும் என்று 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், இந்தக் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். என்ற பேச்சே இல்லை என்று தெளிவாக்கிவிட்டது.

ஸ்டேஷனில் போகும் காலம்தான் பெரிய நஷ்டம். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட, அவதூறு வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் எழுத்துக்கு 75-வது இனம், பேச்சுக்கு 76-வது இனம். நடுவர் நீதிமன்றப் புகாருக்கு மூன்று ஆண்டு இருப்பதால் இரண்டுக்கும் மூன்று ஆண்டு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஸ்டேஷனில் மனு நிலுவையில் இருந்தது என்பதோ, வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வரவில்லை என்பதோ அந்த ஓராண்டை நீட்டிக்காது.

போலீஸால் உடனே நடவடிக்கை எடுக்க முடிகிற சங்கதிகள் வேறு இருக்கின்றன. இல்லாத உரையாடலுக்குப் போலி ஸ்கிரீன்ஷாட் தயாரித்திருந்தால், போலி லெட்டர்பேடில் கடிதம் அடித்திருந்தால், அது நற்பெயரைக் கெடுக்கச் செய்த போலி ஆவணம்: பி.என்.எஸ். 336(4), மூன்று ஆண்டு வரை சிறை. இதற்கு எஃப்.ஐ.ஆர். போடலாம். பெண்ணின் படத்தை ஆபாசமாக மார்ஃபிங் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு இருக்கிறது. பணம் கொடு, இல்லையென்றால் பரப்புவேன் என்றால் அது மிரட்டிப் பணம் பறித்தல். ஆகவே மனுவில் 'என் மானம் போய்விட்டது' என்று நாலு பக்கம் எழுதுவதை விட, 'இந்த ஸ்கிரீன்ஷாட் போலி, அசல் உரையாடல் இதோ' என்ற ஒரு வரியை முதலில் எழுதுவது பலன் தரும். அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது.

இனி சாட்சியம். பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் சாகின்றன.

ஸ்கிரீன்ஷாட்டில் 'மாமா', 'கடை அண்ணாச்சி' என்று உங்கள் போனில் சேமித்த பெயர்தான் தெரியும். அதை வைத்து யார் அனுப்பினார் என்று நிரூபிக்க முடியாது. பெயரைத் தொட்டு, போன் நம்பர் தெரியும் பக்கத்தையும் தனியாக எடுக்க வேண்டும். குரூப்பின் பெயர், உறுப்பினர் பட்டியல், தேதி, நேரம், அந்தச் செய்திக்கு முன்னும் பின்னும் வந்தவை எல்லாம் தேவை. வெட்டி எடுத்த ஒற்றைச் செய்தியை, இடம் பொருள் தெரியாமல் பிய்த்துக் காட்டுகிறார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார். அனுப்பியவர் இரண்டு நாள் வரை, அதற்குச் சற்று மேலும் கூட, எல்லாருக்கும் சேர்த்து அழித்துவிட முடியும். எனவே பார்த்த அன்றே எடுத்தாக வேண்டும். தானாக மறையும் செய்தி வசதியை அந்தக் குரூப்பில் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். ஆத்திரத்தில் குரூப்பை விட்டு வெளியேறினால் அடுத்து வருவது எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஆடியோ என்றால் வந்த கோப்பையே வைத்திருக்க வேண்டும். ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதிந்தது எடுபடுவது கஷ்டம். ஃபேஸ்புக், யூடியூப் என்றால் பதிவின் இணைப்பு முகவரியும் கணக்கின் இணைப்பு முகவரியும் அவசியம்; பெயரை ஒரே நிமிடத்தில் மாற்றிவிடலாம். நீக்கச் சொல்லி உத்தரவு கேட்கும்போது நீதிமன்றமும் அந்த முகவரிகளைத்தான் கேட்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த போன். புது போன் வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் அசல் போயே போயிற்று. பிரிண்ட் எடுத்துத் தாக்கல் செய்தால் பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ்தான், ஆனால் இப்போது இரண்டு பகுதி: 'ஏ' பகுதியில் சாதனத்தை வைத்திருப்பவர், 'பி' பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். அது கோப்பின் கைரேகை போன்றது; ஓர் எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிவிடும். பழைய படிவத்தை நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்சேபம் விசாரணையின் நடுவில்தான் வரும்.

மனித சாட்சியும் வேண்டும். உங்களுக்கு மட்டும் தனியாகத் திட்டி அனுப்பியது சட்டப்படி அவதூறு ஆகாது. மூன்றாவது ஆள் படித்திருக்க வேண்டும். அந்தக் குரூப்பில் இருந்த ஒருவராவது, 'நான் படித்தேன், இவரைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்தது' என்று கூண்டில் ஏறிச் சொன்னால்தான் வழக்கு நிற்கும். பெயர் சொல்லாமல் 'கோயில் கணக்குப் பார்க்கிற அந்த ரிட்டயர்டு வாத்தியார்' என்று எழுதித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில். ஊருக்கு ஆள் தெரிந்தால் போதும்.

வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் கொடுப்பது நல்லது. மறுப்பு வெளியிடவும் மன்னிப்புக் கேட்கவும் ஏழு முதல் பதினைந்து நாள் அவகாசம் தருவது வழக்கம். அவதூறு வாசகத்தை நாகரிகம் பார்த்து மாற்றாமல், எழுதியது எழுதியபடியே மேற்கோளாகப் போட வேண்டும்; புகாரிலும் அப்படியே. அந்த நோட்டீஸை வெற்றிக்கொடி மாதிரி குரூப்பில் போடுவதுதான் பலர் செய்யும் மடத்தனம். பத்துப் பேர் படித்ததை நூறு பேர் படிப்பார்கள், எதிர்த்தரப்புக்கும் உங்கள் மேல் வழக்குப் போட ஒரு காரணம் கிடைக்கும்.

நடுவர் முன் புகார் கொடுத்ததும் உங்களையும் சாட்சிகளையும் சத்தியப் பிரமாணத்தில் விசாரிப்பார்கள். பி.என்.எஸ்.எஸ். 223-வது பிரிவின்படி, வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்புக்கும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இது புதிது. வாய்தாவுக்குப் புகார்தாரர் தொடர்ந்து வராவிட்டால் எதிரி விடுதலையாகிவிடும் வகை வழக்கு இது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிவில் வழக்கில் 2017 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் மூன்று சதவீதம். பத்து லட்சம் கேட்டால் 30,000 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு கோடி என்று நோட்டீஸில் முழங்குகிறவர்கள் பிளைன்ட்டில், அதாவது வழக்கு மனுவில், இறங்கி வருவது இதனால்தான். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். தொலைபேசி 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

'நான் ஃபார்வர்டுதானே செய்தேன்' என்பது தற்காப்பு ஆகாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்ததாக நடிகர் எஸ்.வி.சேகர் மீது வந்த வழக்கு அவதூறுப் பிரிவில் அல்ல, வேறு பிரிவுகளில் வந்தது. ஆனாலும் பகிர்ந்தவரே பொறுப்பு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை எந்த வக்கீலும் மேற்கோள் காட்டுவார். அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிக்க வைக்க முடியாது என்றும் உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

மறுபக்கமும் உண்டு. உண்மையைப் பொது நன்மைக்காகச் சொல்வது, நல்லெண்ணத்துடன் அதிகாரியிடம் புகார் கொடுப்பது, அரசு ஊழியரின் பணியை விமர்சிப்பது எல்லாம் இந்தப் பிரிவின் பத்து விதிவிலக்குகளுக்குள் வரும். அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் பெயர் கெட்டதென்று நஷ்டஈடு கேட்க முடியாது என்பது 1994-இல் ராஜகோபால் வழக்கில், அதாவது ஆட்டோ சங்கர் வழக்கில், தீர்ந்த விஷயம். ரோடு போட்டதில் ஊழல் என்று எழுதியவர் மீது பாய நினைக்கும் கவுன்சிலர்கள் இதைப் படித்துவிட்டு வக்கீலைப் பார்க்கலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். 'கூறப்படுகிறது' என்று முடிப்பதால் செய்திக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. வதந்தியை மறுபதிப்புச் செய்தவரும் வெளியிட்டவரே. முதல் பக்கத்தில் பெயரோடு வந்த குற்றச்சாட்டுக்கு மறுப்பை எட்டாம் பக்கத்து மூலையில் போடும் பழக்கத்தையும் எல்லா நாளிதழ்களும் கைவிட வேண்டும். அதே பக்கம், அதே அளவு எழுத்து.

இப்படிக்கு,
வழக்கறிஞர்கள் சிலர்,
மதுரை