விற்பதற்கு முன் விளிம்பைப் படியுங்கள்: காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் பாய்மாருக்கும் வணக்கம்.

போன மாதம் உங்கள் தெருவில் ஒரு கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் பழைய சாவி, ஓட்டைக் காலணா, குங்குமச் சிமிழ் எல்லாம் குவிந்து கிடந்தன. அதற்குள் கறுத்துப்போன ஒரு வெள்ளி வட்டு, பழைய போர்ப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள், கூடவே 1914, 1918 என்று இரண்டு வருடங்கள். ரிப்பன் கோக்கும் பட்டையை அறுத்துவிட்டு, குழந்தையின் அரைஞாணில் மாட்ட வசதியாக யாரோ ஒரு வளையம் பற்றவைத்திருந்தார்கள். கடைக்கார அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து, "வெள்ளி எடைக்கே போட்டுத் தர்றேன், எடுத்துக்கங்க" என்றார். நான் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். தேய்ந்த ஆங்கில எழுத்தில் ஒரு எண், சிப்பாய் என்ற சொல், அப்புறம் ஒரு பெயர். பெயரின் முன்பாதி பற்றவைத்த இடத்துக்கு அடியில் போய்விட்டது. மிச்சம் இருந்தது 'சாமி' மட்டும்.

ராமசாமியா, கருப்பசாமியா? எந்த ஊர்? கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டுச் சாமானோடு வந்தது என்பதற்கு மேல் அண்ணனுக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் வீட்டுக்கு ஊரில் 'பஸ்ராக்காரர் வீடு' என்று பெயர். அப்பத்தாவின் அப்பா முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்கு, போய்த் திரும்பியவர். பஸ்ரா அங்கே இருக்கும் ஊர். அவருக்கு வீரத்துக்காக ஒரு பதக்கம் கொடுத்தார்கள் என்று அப்பத்தா சொல்லும். "வட்டமா இருக்கும், பின்னாடி மாலை மாதிரி இலை சுத்தியிருக்கும், நடுவுல எழுத்து" என்று கையால் வரைந்து காட்டும். பஞ்சமான ஒரு வருடம் அதை வெள்ளி விலைக்குப் போட்டு நெல் வாங்கினார்களாம். அது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆனால் அவருடைய எண்ணும் படைப்பிரிவும் அந்தப் பதக்கத்தோடு போய்விட்டன.

அப்பத்தா வரைந்து காட்டியது என்ன என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. இந்தியப் படைவீரர்களுக்கென்று 1907-இல் ஏற்படுத்திய 'இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்' அது. பின்பக்கம் இலை வளையம், நடுவில் 'ஃபார் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ்'. கடையில் நான் பார்த்த குதிரைக்காரன் பதக்கம் போருக்குப் போனவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. இலை வளையம் அப்படி இல்லை, ஒருவர் செய்த ஒரு காரியத்துக்காகக் கொடுத்தது. உங்கள் கையில் வந்தால் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். வெண்கலத்திலும் குதிரைக்காரன் வரும். அது படையோடு போன தொழிலாளர் பிரிவில் சுமை தூக்கிய, பாதை போட்ட ஆட்களுடையது. தயவுசெய்து அதைப் பழைய வெண்கலத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

விளிம்பை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். பஸ்ராவில் ஒரு போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. கல்லறை எங்கே என்று தெரியாத 40,000 பேருக்கு மேற்பட்டவர்களின் நினைவாகக் கட்டியது. பிரிட்டிஷ் சிப்பாயின் பெயரைப் பலகையில் பொறித்தார்கள். இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை மட்டும் பொறித்துவிட்டு, சாதாரணச் சிப்பாய்கள் இத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு முடித்துக்கொண்டார்கள். இப்படி நடந்ததற்கெல்லாம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில்தான் மன்னிப்புக் கேட்டது. பலகையில் இடம் கிடைக்காத பெயரைப் பதக்கத்தின் விளிம்பில் பொறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுதான் இப்போது உங்கள் தாம்பாளத்தில் கிடக்கிறது.

பெயர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன வெடிமேல் தானே விழுந்து மூடிக்கொண்டு கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். ஊர், பெயர், தேதி எல்லாம் நின்றதால் இன்றைக்கும் அவரைச் சொல்கிறோம்.

செட்டிநாட்டில் உலகப் போர் என்றாலே பர்மாக் கதைதான். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, பெட்டியடியை, அதாவது அங்கே நடத்திய வட்டிக்கடையை, விட்டுவிட்டுக் காட்டுவழியே நடந்து வந்தது, சொத்துப் போனது. அந்தத் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெரிய வீட்டுப் பின்கட்டிலும் பக்கத்துக் கிராமத்திலும் இருந்து படைக்குப் போனவர்களின் கதை எந்த வீட்டு வளவிலும் மாட்டியிருக்கும் படத்தில் இல்லை. வெள்ளைக்காரன் படையில் இருந்தவனுக்கு என்ன மரியாதை என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளத்துக்குப் போனார்கள், சரி. அடிபட்ட கூட்டாளியைத் தோளில் தூக்கி வந்தவன் அதைச் சம்பளத்துக்காகச் செய்யவில்லையே.

நான் கேட்பது சின்ன வேலைதான். பதக்கம் வந்தால் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றி நாலைந்து படம் போனில் எடுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் மெல்லிய தாளைச் சுற்றி வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் தெரியும். 'எஸ் அண்டு எம்' என்று இருந்தால் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ். எந்த ஊர், யார் வீட்டுச் சாமான் என்று விற்க வந்தவரிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஊர் எந்தப் பதக்கத்திலும் இருக்காது. முதல் போர்ப் பதக்கங்கள் நூறு வருடம் தாண்டிவிட்டன, 1972 பழம்பொருள் சட்டப்படி அந்த வயதுப் பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நான் லென்ஸோடு தெருவுக்கு வருகிறேன். படிக்க முடியாததை எடுத்துவையுங்கள், சேர்ந்து படிப்போம். அப்புறம் ஒன்று. இலை வளையம் போட்ட வட்டப் பதக்கம் உங்கள் யாருடைய பரண்மேலாவது கிடந்தால், எத்தனை வருடத்துக்கு முன் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள். விலை பேச வரமாட்டேன். விளிம்பை மட்டும் படித்து எழுதிக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுகிறேன்.