அரை அங்குலம் என்றால் இரண்டு அடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மரத்தால் மாதிரிப் படகுகள் செய்யும் பொழுதுபோக்கைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இந்த வேலைக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காலைக் காபியைத் தொடாமல் படிக்க உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை. “அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன, பார்வைக்கு அழகாக இருந்தால் போதும்” என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது: நம் முன்னோர்களே படகுகளைக் கண்மதிப்பில்தானே கட்டினார்கள்!

நான் தூத்துக்குடிக்காரன். தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மாதிரிப் படகுகள் செய்யத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்; தவறாக நினைக்க வேண்டாம்.

தாங்கள் வெளியிட்ட படத்தையே எடுத்துக்கொள்வோம். 80 அடித் தோணியை 20 அங்குலத்தில் செய்ததாகக் கீழே குறிப்பு இருக்கிறது. அப்படியென்றால் அது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலம். தோணியின் பாய்மரத்தை இழுத்துக் கட்டியிருக்கும் சணல் கயிறு எப்படிப் பார்த்தாலும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாது. 48-ஆல் பெருக்கிப் பாருங்கள், 144 மில்லிமீட்டர் வரும். ஏறத்தாழ ஆறு அங்குலக் கனம், ஓர் ஆளின் தொடையளவு. அந்தக் கயிற்றை எந்தக் கை பிடித்து இழுக்கும்? பக்கப் பலகைகளுக்கு ஐஸ் குச்சி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குச்சியின் கனம் 2 மில்லிமீட்டர். உண்மைத் தோணியில் அது கிட்டத்தட்ட நான்கு அங்குலப் பலகை ஆகிவிடும். நான் அளந்த தோணியில் பலகையின் கனம் இரண்டே அங்குலம்தான். மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. தளத்தில் நிறுத்தியிருக்கும் பொம்மை மாலுமி இரண்டு அங்குலம் இருக்கிறான். அந்தக் கணக்கில் அவன் எட்டடி உயரம். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் அது எங்கள் ஊர்த் தோணியே இல்லை. வேறு எந்தக் கடலிலும் ஓடிய தோணியும் இல்லை.

அதைச் செய்த இளைஞர் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கைவேலை சுத்தமாக இருக்கிறது. ஒரு வாரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் என்னைவிட நன்றாகச் செய்வார். வருத்தமெல்லாம் அவருக்கு அளவு வேண்டாம் என்று அச்சில் சொல்லிக் கொடுத்த அந்த வரியின் மீதுதான்.

கண்மதிப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். 1994-இல் கரையேற்றி வைத்திருந்த ஒரு தோணியை அளப்பதற்காகப் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் போய்வந்தேன். முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நூல் கட்டி, இரண்டடிக்கு ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் பலகைக்கும் உள்ள தூரத்தை ஒவ்வோர் உயரத்திலும் குறித்துக்கொள்வேன். அங்கே பழுது பார்த்துக்கொண்டிருந்த முதிய ஓடாவியிடம், அதாவது படகு கட்டும் தச்சரிடம், காகித வரைபடம் எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் அவர் கையில் ஒரு மூங்கில் பட்டை இருந்தது. நீளவாக்கில் கத்தியால் கீறிய கோடுகள், சில கோடுகளின் மேல் ஒரு வெட்டு, சிலவற்றின் மேல் இரண்டு வெட்டு. எந்த வங்கு (படகின் விலாக் கட்டை) எவ்வளவு வளைய வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அந்தப் பட்டையில் இருந்தது. புதிதாகச் செதுக்கிய வங்கு ஒன்றில் அதை வைத்துப் பார்த்தார். ஒரு நூல் கூடுகிறது என்றார். வாய்ச்சியை எடுத்து இரண்டு சீவு சீவினார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். இன்னொரு சீவு. 80 அடி நீளமுள்ள மரக்கலத்தில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அவருக்குப் பொறுக்கவில்லை. அன்று அவர் பேர் சொல்ல எனக்கு அனுமதி தரவில்லை, அதனால் இன்றும் சொல்லவில்லை. அவரைப் போன்றவர்களைத்தான் தங்கள் கட்டுரை கண்மதிப்புக்காரர்கள் என்கிறது.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 89 அடி நீளமுள்ள பாய்க்கப்பல். 1938-இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது தாங்கள் அறியாததல்ல. கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று கட்டிய கலம் அட்லாண்டிக்கைக் கடக்குமா? கப்பலின் உறுப்புகளுக்கு அளவு சொல்லும் ‘கப்பல் சாத்திரம்’ என்ற சுவடியே தமிழில் இருக்கிறதே! அடிமரமான ஏரா, வங்கு, பாய் தாங்கும் பருமல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தவர்கள் அளவு மட்டும் வைக்காமல் விட்டிருப்பார்களா?

நம்மிடம் அளவு வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி 1830களில் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது, அலையைக் கடக்கும் சலங்கு என்ற படகையும் கட்டுமரத்தையும் வரைந்து எடுத்துப் போனார். பிற்காலத்தில் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்தபோது, பல நாட்டுப் படகுகளின் மாதிரிகளை அளவு பிசகாமல் செய்ய வைத்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதினார். வெளியூர்க்காரர்கள் குனிந்து அளந்த படகுகளை நாம் முன்னே பின்னே செய்தால் போதும் என்கிறோம்.

ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா என்று தங்களுக்குத் தோன்றலாம். அந்த வரியை நான் முதன்முதலாகக் கேட்பது தங்கள் பத்திரிகையில் அல்ல, ஐயா.

அளந்து வந்த தோணியை அதே நாற்பத்தெட்டில் ஒரு பங்கு மாதிரியாகச் செய்து முடிக்க எனக்கு இரண்டரை ஆண்டுகள் பிடித்தன. ஒரு கண்காட்சிக்கு வேண்டும் என்று ஓர் அலுவலகத்திலிருந்து வந்து கேட்டார்கள். பெட்டி செய்து, பஞ்சு வைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே அதன் முன் வைத்த அட்டையில் “பழங்காலக் கப்பல்” என்று இரண்டே சொற்கள். ஊர் இல்லை, நீளம் இல்லை, எத்தனையில் ஒரு பங்கு என்பதும் இல்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பாய்மரம் முறிந்திருந்தது. முறிந்த இரு முனைகளையும் நேராக அறுத்து யாரோ பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அளந்து பார்த்தேன், அரை அங்குலம் குறைந்திருந்தது. கேட்டபோது, “அரை அங்குலம்தானே சார், பார்வைக்குத் தெரியவே இல்லையே” என்றார் அந்த அதிகாரி. அரை அங்குலம் என்றால் அந்தத் தோணியில் இரண்டு அடி. இரண்டடி குறைந்த பாய்மரத்துக்குப் பழைய பாய் பொருந்தாது. கயிறுகள் எல்லாம் தளர்ந்துவிடும். அவருக்கு விளக்கினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என் மாணவன் ஒருவனுக்கும் இதே கதி. மீனவர் வீட்டுப் பையன். அப்பாவின் கட்டுமரத்தைக் கரையில் அவிழ்த்துக் காயப்போட்டிருந்த நேரத்தில் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாக அளந்து, பத்தில் ஒரு பங்காகச் செய்திருந்தான். மாதிரியும் அதேபோல அவிழும், திரும்பக் கட்டலாம். போட்டியில் பரிசு, சின்ன விளக்குகள் எரியும் தெர்மகோல் கப்பலுக்குப் போனது. நடுவர் அவனிடம் ஆணி அடித்திருந்தால் இன்னும் உறுதியாக இருக்குமே என்றாராம். கட்டுமரத்தில் ஆணி! உலகம் முழுவதும் இன்று இரட்டை உடல் படகுக்கு நம் சொல்லை வைத்து அழைக்கிறார்கள். நம் பிள்ளை கயிறு கட்டிச் செய்ததற்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். தங்கள் பத்திரிகையிலும் மூன்று ஆண்டுகளுக்கு முன் வள்ளம் என்ற வேறு வகைப் படகின் படத்தைப் போட்டுக் கட்டுமரம் என்று எழுதினீர்கள். அஞ்சலட்டை போட்டேன். பதில் வரவில்லை. அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அளவு என்பது நீளத்தோடு முடிகிற காரியமும் இல்லை. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்றால் எடை நாற்பத்தெட்டில் ஒரு பங்கு ஆகாது. 48-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 1,10,592-இல் ஒரு பங்கு ஆகும். சரக்கோடு 200 டன் எடையுள்ள தோணியின் மாதிரி தண்ணீரில் சரியான கோட்டில் மிதக்க வேண்டுமானால் ஏறத்தாழ 1 கிலோ 800 கிராம் இருக்க வேண்டும். என் தோணியைத் தொட்டித் தண்ணீரில் விட்டபோது முதலில் தக்கை மாதிரி மேலே நின்று சாய்ந்தது. ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடியில் வைத்துக்கொண்டே போனேன். கணக்கு போட்ட எடை வந்ததும், ஓடாவி எனக்குச் சுட்டிக் காட்டிய அதே பலகையின் விளிம்பில் தண்ணீர் வந்து நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மரமும் அப்படித்தான். தேக்கில் செய்தேன் என்று கட்டுரையில் ஒருவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தேக்கின் ரேகை சிறிய படகுக்கு மிகவும் பெரிது. பலகையில் அது வாய்க்கால் மாதிரித் தெரியும். மஞ்சள் கடம்பும், கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் பொம்மை கடைவதற்குப் பயன்படுத்தும் வெப்பாலையும் ரேகை நெருங்கிய மரங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு இழைத்தாலும் பிளக்காது. இதையெல்லாம் எழுதினால் பத்துப் பிள்ளைகளாவது உருப்படியாகத் தொடங்குவார்களே! கடையில் இந்த அளவுக்குத் தோதான அளவுகோல்கூட நம் ஊரில் கிடைப்பதில்லை. மூங்கிலில் கால் அங்குலத்துக்கு ஒரு கோடு கீறி, ஒவ்வொன்றையும் பன்னிரண்டாகப் பகுத்து நானே செய்து வைத்திருக்கிறேன். கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு அதைப் பார்த்து ஒன்று செய்து கொடுக்கிறேன். இதுவரை பதினான்கு கொடுத்தாயிற்று.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அளவு முன்னே பின்னே இருக்கலாம் என்ற அந்த வரிக்கு, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி எந்த மாதிரிப் படகின் படத்தை வெளியிட்டாலும் உண்மைப் படகின் ஊர், அதன் நீளம், எத்தனையில் ஒரு பங்கு என்ற மூன்றையும் கீழே அச்சிடுங்கள். புகைப்படக்காரர் படம் எடுக்கும்போது படகின் பக்கத்தில் ஒரு சாதாரண அளவுகோலை வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

என் தோணியைப் படம் எடுக்க விரும்பினால் தாராளமாக வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பாய்மரத்தைப் புதிதாகச் செய்து 15 அங்குலத்துக்கு மீட்டுவிட்டேன். ஆனால் அதை இனி யாருக்கும் கொடுத்தனுப்புவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி