தாலி வேண்டாம், ஒரு கையெழுத்தாவது போடு

அன்பு மகளுக்கு,

கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனில் வேறு கதைக்குப் போய்விடுகிறாய். எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் இந்தக் கடிதம்.

தாலி, கன்னிகாதானம் எதுவும் வேண்டாம் என்கிறாய். சரி. எனக்கு வருத்தம் கொஞ்சம் உண்டு, கோபம் இல்லை. ஆனால் "பல வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலே சட்டம் கணவன் மனைவியாகத்தான் பார்க்கும்" என்றாயே, அது தப்பு. இங்கிலாந்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. வீடு நீ சேர்ந்து வாழும் அந்தத் தம்பி பேரில் மட்டும் இருக்கிறது, உயிலும் இல்லை. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், சொல்லவே வாய் கூசுகிறது, வீடு அவன் அப்பா அம்மாவுக்குத்தான் போகும். நீ கோர்ட் படியேற வேண்டும். உயில் எழுதி வைத்தாலும் 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்டதற்கு 40 சதவீதம் வாரிசு வரி. பதிவு செய்த துணைக்கு அந்த வரி இல்லை.

கல்யாணம் பிடிக்காவிட்டால் சிவில் பார்ட்னர்ஷிப் இருக்கிறதே, கல்யாணம் இல்லாமலே சட்டப்படி துணையாகப் பதிவு செய்துகொள்வது! 2005-இல் அது வந்தபோது ஒருபால் ஜோடிகளுக்கு மட்டும்தான். 2014-இல் அவர்களுக்குக் கல்யாணமும் கிடைத்தது, ஆண் பெண் ஜோடிக்கோ கல்யாணம் ஒன்றுதான். ரெபேக்கா ஸ்டைன்ஃபெல்டும் சார்ல்ஸ் கெய்டனும் என்று ஒரு ஆண் பெண் ஜோடி, உன்னைப் போலத்தான், கல்யாணம் ஆணாதிக்கச் சடங்கு என்று சொன்னவர்கள். தங்களுக்கும் சிவில் பார்ட்னர்ஷிப் வேண்டும் என்று வழக்குப் போட்டு, இரண்டு கோர்ட்டில் தோற்று, 2018 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்ல ஜெயித்தார்கள். 2019 டிசம்பர் 31 அன்று பதிவும் செய்துகொண்டார்கள். பிடிவாதத்தில் உனக்கு அக்கா அண்ணன்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. உன் அத்தை மகள் இங்கே கல்யாணம் செய்தபோது சர்டிபிகேட்டில் அப்பா பெயருக்கும் அப்பா தொழிலுக்கும்தான் கட்டம். ராத்திரி ஷிப்ட் பார்த்து ஒற்றை ஆளாக வளர்த்தவள் அத்தை. அவள் பெயர் எங்குமே இல்லை. கல்யாணப் பதிவில் அம்மா பெயர் ஏற 2021 மே வரை ஆயிற்று. சிவில் பார்ட்னர்ஷிப்பில் அதற்கு முன்பே அம்மா பெயருக்கும் இடம் உண்டு.

உறுதிமொழி, மோதிரம் எதுவும் கட்டாயமில்லை, கையெழுத்து போதும். இரண்டு பேரும் பதிவு அலுவலகம் போய் நோட்டீஸ் கொடுங்கள். அப்புறம் 28 நாள் காத்திருக்க வேண்டும். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமாம். அப்பாவும் நானும் ரெடி. தேதி வைக்கும்போது சனிக்கிழமையாகப் பார், அப்பாவுக்கு மற்ற நாளில் லீவு கிடைக்காது. பட்டுப் புடவை கட்டாதே என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா