ஹோனியாராவில் நிற்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை.

ஹோனியாராவில் நங்கூரம் போட்டிருக்கிறீர்கள், மரத்தடிகளை ஏற்றி முடிக்க இன்னும் பத்து நாளாவது ஆகும், கடலில் ஓடும்போதுதான் வேலை, இங்கே வெறும் காவல்தான் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சாலமன் தீவுகளில் நீ நிற்கிற குவாடல்கனால் தீவுக்கும் எதிரே தெரிகிற புளோரிடா தீவுகளுக்கும் நடுவிலுள்ள கடலுக்கு ‘இரும்படி நீரிணை’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில், 1942இல் அத்தனை போர்க்கப்பல்கள் அங்கே மூழ்கின. அந்தக் கதையை உங்கள் ஏஜென்டே சொல்வான். நான் சொல்ல வந்தது ஒரு சரக்குக் கப்பலைப் பற்றி. நீ அந்தப் பக்கம் போகிறாய் என்றதும் தேடிப் படித்தேன்.

பேர் செர்பன்ஸ். போர்க்காலத்தில் அமெரிக்கா கணக்கில்லாமல் கட்டித் தள்ளிய லிபர்டி கப்பல்களில் ஒன்று. நீளம் 441 அடி, வேகம் 11 நாட், அதாவது மணிக்கு 11 கடல் மைல். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலுள்ள வில்மிங்டன் தளத்தில் 1943 மார்ச் 10 அன்று அடிக்கட்டை போட்டார்கள். ஏப்ரல் 5 அன்று தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். இருபத்தாறு நாள்! நம் ஊரில் ஒரு தோணி கட்டுவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று உனக்கே தெரியும். முதலில் பெஞ்சமின் கார்டோசோ என்று ஒரு நீதிபதியின் பேரை வைத்திருந்தார்கள். கடற்படை எடுத்துக்கொண்டதும் நட்சத்திரக் கூட்டத்தின் பேராக மாற்றினார்கள். மே 28இல் சான் டியாகோவில் பணிக்கு வந்தது. கப்பல் கடற்படையுடையது, ஆட்கள் கடலோரக் காவல் படையினர்.

அப்புறம் ஒன்றரை வருடத்துக்கு மேல் அது செய்ததெல்லாம் நீ செய்கிற வேலைதான். ஏற்று, இறக்கு, அடுத்த தீவுக்குப் போ. கலிபோர்னியாவிலிருந்து சரக்கு, சாலமன் தீவுகளுக்குள்ளேயே இங்குமங்கும் நடை, பூகன்வில் வரைக்கும். 1944 நவம்பரில், பழுதுபார்க்க வேண்டிய ராணுவ வண்டிகளை ஏற்றிக்கொண்டு நியூசிலாந்து போய் ஆக்லாந்தில் இறக்கியது. பிறகு வெலிங்டனில் உலர்துறையில் ஏற்றி மூன்று ஹோல்டுகளை, அதாவது சரக்கு அடுக்குகிற அறைகளை, வெடிமருந்து வைப்பதற்குத் தோதாக மாற்றினார்கள். 1945 ஜனவரி நடுவில் திரும்பி வந்தது. கப்பலில் பீரங்கிகள் இருந்தன. ஆனால் அதன் வரலாறு பீரங்கியில் இல்லை, சரக்கைத் தூக்கி இறக்குகிற டெரிக்கிலும் வின்சிலும்தான் இருக்கிறது. வின்ச் ஓட்டிச் சம்பாதித்தவன் சொல்கிறேன், அது சின்ன வரலாறு இல்லை.

ஜனவரி 29. ஹோனியாராவுக்குச் சற்றுக் கிழக்கே, இன்றைக்கு விமான நிலையம் இருக்கிற பக்கம், லுங்கா கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றது. நீர்மூழ்கிகளை அழிக்கக் கடலுக்குள் தள்ளிவிடுவார்களே, ஆழ்வெடிகள், அவற்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பல் ஆட்கள் போக, சரக்கு ஏற்றி இறக்குகிற ராணுவ ஸ்டீவ்டோர் ஆட்கள் ஐம்பதுக்கும் மேல் கப்பலில் நின்றார்கள். உன் தாத்தா தோணியில் மூட்டை ஏற்றிப்போய், வெளிக்கடலில் நின்ற கப்பலின் ஹேட்சுக்குள், சரக்கு இறக்குகிற வாய்க்குள், இறங்கி வேலை பார்த்த ஆள். 1974இல் புதுத் துறைமுகம் வருகிறவரை தூத்துக்குடியில் பெரிய கப்பல்களுக்கு அதுதான் வழி. அதனால் அந்த ராணுவக் கூலிகளை எனக்கு வேற்று ஆளாக நினைக்க முடியவில்லை.

இரவில் வெடித்தது. அதைப் பார்த்த ஒருவர், இரண்டு மின்னல் வெட்டு, அதற்குப் பிறகு கப்பலின் முகப்பு மட்டும்தான் தெரிந்தது என்றார். அந்த முகப்பும் கொஞ்ச நேரத்தில் மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்தவர்களில் பிழைத்தது இரண்டே பேர். இருவரும் முன்னணியத்தில், கயிறும் சாமானும் வைக்கிற போசன் ஸ்டோரில் இருந்தார்கள். கேப்டன் ஸ்டின்சனும் இன்னும் சிலரும் வேலையாகக் கரைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். இறந்தவர்கள் சுமார் 250 பேர். அதில் ஒரு டாக்டரும் உண்டு. கரையில் நின்ற ஒரு சிப்பாய்கூடச் சிதறல் பட்டுச் செத்தான். அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒரே நேரத்தில் இவ்வளவு பேரை வேறு எங்கும் இழந்ததில்லை.

முதலில் எதிரியின் வேலை என்றார்கள். போர் நடக்கிறது, அப்படிச் சொல்வது சுலபம். விசாரணையில் காரணம் உறுதியாகவில்லை. 1949 வாக்கில், இது எதிரி தாக்குதல் அல்ல, ஏற்றும்போது நேர்ந்த விபத்து என்று கடற்படை முடித்துவிட்டது. சரக்கைக் கட்டித் தூக்கிய எந்த சிலிங், எந்த ஹேட்ச், யார் கை, ஒன்றும் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் அத்தனை பேரும் அடியில் நின்றவர்கள். துறைமுகத்தில் எது நடந்தாலும் ‘வின்ச்மேன் தூங்கிட்டான்’ என்று ஆரம்பிக்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த விசாரணை செத்தவன் தலையில் கட்டாமல் விட்டதே, அதை நான் மதிக்கிறேன்.

முதலில் அங்கேயே புதைத்தார்கள். பிறகு தோண்டி எடுத்து, 1949 ஜூன் 15 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் வைத்தார்கள். யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. 250 பேருக்கு 52 பெட்டி, 28 குழி. அடுத்த வருடம் அங்கே எல்லோருடைய பேரையும் பொறித்து நினைவுக்கல் வைத்தார்கள்.

இப்போது உன் கப்பலுக்கு வருகிறேன். உன்னிடம் வெடிமருந்து இல்லை, மரத்தடிதானே என்று சொல்லாதே. பச்சை மரம் மூடின ஹோல்டுக்குள் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஏணியில் பாதி இறங்குவதற்குள் ஆள் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். உலகத்தில் எத்தனையோ துறைமுகத்தில் இப்படித்தான் இரண்டு பேர், மூன்று பேராகப் போயிருக்கிறார்கள். ஹோல்டு மட்டுமில்லை, அதை ஒட்டின ஏணிவழியும் அப்படித்தான். கரை ஆள் அவசரப்பட்டு இறங்கப் பார்ப்பான். அவனை நிறுத்துகிற அதிகாரம் தேர்டு ஆபீசரான உனக்கு உண்டு. சீஃப் ஆபீசர் முறைத்தால் முறைக்கட்டும். காற்றோட்டம் விட்டு, ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்த்து, இறங்குவதற்கு பெர்மிட் எழுதி, பிறகு இறங்கச் சொல். கிரேன் தடியைத் தூக்கும்போது வயருக்குக் கீழே எவனும் நிற்கக் கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் நங்கூரம் போட்டால் ஓய்வு என்ற எண்ணத்தை விட்டுவிடு. ஓடுகிற கப்பலில் கடலைப் பார்த்தால் போதும். ஏற்றுகிற கப்பலில் நூறு கையைப் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை போன் செய்யும்போது சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பாள். நான் மீட்டர் எவ்வளவு காட்டியது என்று கேட்பேன். 20.9 என்று சொல், நல்ல காற்றில் இருக்கிற ஆக்சிஜன் சதவீதம் அது. அதற்குக் கீழே எந்த எண்ணும் எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா