ஏமாறுகிறவரையும் கொஞ்சம் எழுதுங்கள்

மோசடிக்காரர்களைப் பற்றித் தொடர் எழுதுகிறவர்களுக்கும் எடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் உங்கள் ரசிகை. ஒரு மோசடிக் கூட்டத்தைப் பற்றிய பிபிசி தொடர் 'ஹஸில்', 2004 முதல் 2012 வரை வந்த 8 சீசன், 48 எபிசோடு, எல்லாவற்றையும் இரண்டு தடவை முழுசாகப் பார்த்திருக்கிறேன். 2021-ல் வேடம் மாற்றி ஏமாற்றும் திருடனின் கதையான 'லூபின்' தொடர் வந்தபோது முதல் பகுதியை முடிக்காமல் தூங்கப் போகவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு, இந்த மாதிரித் தொடர்களே கூடாது என்று சொல்ல வந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தக் கதைகளில் என்னை இழுப்பது உடையோ ஓட்டல் அறையோ மட்டும் இல்லை. அவர்கள் வேலை செய்யும் விதம். ஒருத்தர் ஆளைப் பேசிக் கூட்டிவருவார், இன்னொருத்தர் பெரிய மனிதராக உட்கார்ந்து காத்திருப்பார், மூன்றாமவர் ஒரே ராத்திரியில் ஒரு காலி அறையை அலுவலகமாக மாற்றி வைத்திருப்பார், எல்லாம் நொடி பிசகாமல் நடக்கும். அன்றாட வாழ்க்கையில் ஒரு வேலையை நாலு பேர் சேர்ந்து இவ்வளவு கச்சிதமாகச் செய்து நான் பார்த்ததே இல்லை! 'ஹஸிலில்' சுற்றியிருக்கிற எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க, அந்தக் கூட்டம் மட்டும் கேமராவைத் திரும்பிப் பார்த்து நம்மிடம் பேசும், அந்த நிமிடத்திலேயே நாமும் கூட்டாளி ஆகிவிடுவோம். அப்புறம் கடைசி ஐந்து நிமிடத்தில், நமக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருந்த காட்சியை எடுத்துப் போடுவார்கள். அடடா, கூட்டாளி என்று நினைத்த நம்மையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். பைசா இழக்காமல் ஏமாறுகிற அந்தச் சுகத்தை வேறு எந்த வகைக் கதையும் எனக்குக் கொடுத்ததில்லை.

நான் கேட்க வந்தது, எதிரில் உட்கார்ந்திருக்கிறானே, அந்தப் பட்சியைப் பற்றி. உங்கள் தொடர்களில் ஏமாறுகிறவன் பெரும்பாலும் ஒரு கொழுத்த பணக்காரன், வேலைக்காரர்களைத் திட்டுவான், அசிங்கமாகச் சிரிப்பான். அவன் ஏமாந்தால் நாம் கை தட்டலாம் என்பதற்காகவே அப்படிச் செய்து வைக்கிறீர்கள். 'ஹஸில்' கூட்டத்தின் வேதவாக்கே அதுதான்: நேர்மையான மனிதனை ஏமாற்ற முடியாது. நம்மிடமும் 'பேராசை பெருநஷ்டம்' இருக்கிறது. ஆனால் அதே தமிழில் 'நம்ப வைத்துக் கழுத்தறுப்பது' என்றும் ஒன்று இருக்கிறதே, அதில் ஆசை எங்கே வருகிறது? அறுபட்டவன் செய்த ஒரே காரியம் நம்பியதுதான்.

உங்கள் தொழிலின் பெயரே அதைத்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் இவர்களைக் 'கான்' ஆள் என்கிறார்களே, அது 'கான்ஃபிடன்ஸ்', அதாவது நம்பிக்கை என்ற சொல்லின் சுருக்கம். 1849-ல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்ற ஆள் பிடிபட்டபோது பத்திரிகைகள் வைத்த பெயர். தெருவில் ஒருவரைப் பழகியவர் போல நிறுத்திப் பேசிவிட்டு, 'நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்து வைக்கிற அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா' என்று கேட்பானாம். கொடுத்திருக்கிறார்கள். பத்து மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. முகத்தில் அடித்தாற்போல் 'இல்லை' என்று சொல்ல முடியாத நாகரிகம்தான் அவர்களைக் கவிழ்த்தது.

இதை நான் இவ்வளவு தூரம் யோசிப்பதற்குக் காரணம் என் அத்தை. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கள்ள நோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிப்பார். இந்தத் தொடர்களை நாங்கள் சேர்ந்துதான் பார்ப்போம், அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவார். அவரைத்தான் ஒரு ஆள் ஆறு மாதம் போனில் பேசிப் பேசி முதலீடு என்ற பெயரில் மொட்டை அடித்தான். பேத்தியின் பரீட்சை எப்போது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு விசாரிப்பானாம், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பானாம். முதல் மாதம் கொஞ்சம் லாபத்தைக் கையில் கொடுத்திருக்கிறான், உங்கள் கதைகளில் முதல் ஆட்டத்தை வேண்டுமென்றே ஜெயிக்க விடுவார்களே, அதே வித்தை. பணம் போனதை எங்களிடம் சொல்லவே அவருக்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் ஒரு ராத்திரி, டிவியில் அந்த 'நேர்மையான மனிதனை ஏமாற்ற முடியாது' வசனம் வந்ததும், தூக்கம் வருகிறது என்று எழுந்து போய்விட்டார். ஏன் போனார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த வெட்கம்தான் மோசடிக்காரனுக்குக் கிடைக்கிற பெரிய பாதுகாப்பு. 1925-ல் விக்டர் லஸ்டிக் ஈஃபிள் கோபுரத்தைப் பழைய இரும்பு என்று விற்ற கதையை நீங்கள் எல்லோரும் ரசித்துச் சொல்வீர்கள். வாங்கிய வியாபாரி அவமானத்தால் போலீசுக்கே போகவில்லை, அந்தத் தைரியத்தில் லஸ்டிக் திரும்பி வந்து அதே கோபுரத்தை இன்னொருவருக்கு விற்கப் பார்த்தான் என்றும் சொல்லப்படுகிறது. நீங்கள் ஏன் அந்த இரும்பு வியாபாரியின் வீட்டுக்குள் ஒரு தடவைகூடப் போவதில்லை? அவர் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்?

நிஜ ஆட்களை வைத்து எடுக்கும்போது இது இன்னும் உறுத்துகிறது. பணக்கார வீட்டு வாரிசாக நடித்து நியூயார்க்கில் பலரை ஏமாற்றிய அன்னா சொரோகினின் கதையைத் தொடராக எடுக்க நெட்ஃபிளிக்ஸ் அவருக்கு 3,20,000 டாலர் கொடுத்தது. பெரும்பகுதி இழப்பீட்டுக்கும் அபராதத்துக்கும் வழக்குச் செலவுக்கும் போய்விட்டது, சரி. ஆனால் அவரோடு மொராக்கோ போய் 62,000 டாலர் செலவைத் தன் கடன் அட்டையில் ஏற்றிக்கொண்ட தோழி, தொடர் தன்னைப் பேராசைக்காரியாகக் காட்டிவிட்டது என்று 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் மீதே அவதூறு வழக்குப் போட வேண்டியிருந்தது.

நான் அழுகைக் காட்சி கேட்கவில்லை. ஏமாறுகிறவரையும் மோசடிக்காரன் அளவுக்குப் புத்திசாலியாக, நமக்குப் பிடித்தவராக எழுதிப் பாருங்கள் என்கிறேன். முட்டாளை ஏமாற்ற எதற்கு இத்தனை பேர், இத்தனை ஒத்திகை? எதிராளி கெட்டிக்காரராக இருந்தால்தானே உங்கள் நாயகனின் வித்தைக்கே மதிப்பு. எந்தச் சொல்லில் அவர் நம்பினார், எந்த இடத்தில் சந்தேகம் வந்தும் அதை ஒதுக்கித் தள்ளினார் என்று நிதானமாகக் காட்டினால், அந்த ஒரு காட்சிக்கே நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுவேன்.

ஒரே ஒரு எபிசோடு போதும். கூட்டம் பணத்தோடு கிளம்பிப்போன மறுநாள் காலையில் ஆரம்பியுங்கள். அவர் வழக்கம்போல அந்த நம்பருக்குப் போன் போடுகிறார், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். எடுத்து முடித்ததும் சொல்லுங்கள், அத்தையைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகை