வாக்கர் எங்கே நடந்தார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஓர் இடம்தான் இடறியது. 'வாக்கர்' என்றால் ஊர் ஊராக நடந்தவர் என்று போட்டிருந்தீர்கள். நடந்தவர்தான், ஆனால் ரோட்டில் அல்ல, தொட்டிக்குள்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி இழை விலகித் தளர்வாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் போயிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, களிமண்ணோ பழைய மூத்திரமோ கலந்த தண்ணீரை ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க இழைகள் பின்னிச் சுருங்கித் துணி கெட்டிப்படும். இந்த வேலையைச் செய்தவர் இங்கிலாந்தின் வடக்கே வாக்கர், தென்மேற்கே டக்கர், தென்கிழக்கே ஃபுல்லர். 12ஆம் நூற்றாண்டிலேயே தண்ணீர்ச் சக்கர ஆலைகள் வரத் தொடங்கி, மிதிக்கும் கால்களுக்கு மெல்ல வேலை போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. அந்தக் களிமண்ணுக்கு ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மெட்டியும் அதே வகைதான்!

வெப்ஸ்டரை வெறும் நெசவாளர் என்று சொல்லி நகர்ந்துவிட்டீர்கள். அந்த 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. பின்னால்தான் ஆண்களுக்கும் வழங்கியது. ஆக, அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டரின் குடும்பப் பெயரைத் தமிழில் சொன்னால் 'நெசவுக்காரி'. ரொட்டி சுட்டவள் பாக்ஸ்டர்.

சரி, நம் பாரிமுனையை எப்படி விட்டீர்கள்? அந்தப் பெயருக்குரிய தாமஸ் பாரி 1788இல் சென்னைக்கு வந்த வேல்ஸ்காரர். வேல்ஸ் மொழியில் 'அப்' என்றால் மகன். (நமக்கு அப்பன், அவர்களுக்கு மகன்!) 'அப் ஹாரி' என்று சொல்லிச் சொல்லிப் பாரி ஆனது. அப் ரீஸ் பிரைஸ் ஆனதும் அப்படித்தான். அந்த ஹாரியும் வேறு யாருமில்லை, 1066க்குப் பின் நார்மன்காரர்கள் இங்கிலாந்தில் பரப்பிய ஹென்றி என்ற பெயர், பேச்சு வழக்கில் தேய்ந்தது.

போன மாதம் அங்கே பஸ்ஸுக்கு நின்றபோது, "முல்லைக்குத் தேர் கொடுத்தாரே, அந்தப் பாரியா தாத்தா?" என்று பேரன் கேட்டான்.

"இல்லடா, இவர் ஹாரி மகன்" என்றேன். அவன் நம்பவில்லை.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தாம்பரம்.